பகடையும் பழைய எலும்பும்: வாசகர் கேள்வி – பதில்

அழிந்துபோன விலங்குகளை, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று மேசையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் எப்படி இறக்குவது என்று கேட்டு வந்த கேள்விகள் இந்த முறை. எண்கள் எல்லாம் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளைச் சார்ந்தவை. ஒரு கட்டம் என்றால் 5 அடி, அதாவது ஒன்றரை மீட்டர். ஆடுகிறவர்கள் சொல்வதை நாங்களும் அப்படியே எழுதுகிறோம்: ஏசி என்பது அடி பட எட்டவேண்டிய எண், ஹெச்பி உயிர்ப்புள்ளி, சிஆர் விலங்கின் சவால் அளவு, எக்ஸ்பி அதற்குரிய அனுபவப் புள்ளி, சேவ் ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது, டிசி அதில் எட்டவேண்டிய எண். 2டி8+5 என்றால் எட்டு முகப் பகடை இரண்டை உருட்டி 5 கூட்டுவது; +8 என்று தனியாக இருந்தால் உருட்டலோடு கூட்டுவது.

கே: குஜராத்தில் கிடைத்த வாசுகி பாம்பை ஆட்டத்தில் கொண்டுவர ஆசை. என் மேசையில் நான்கு பேர், எல்லோரும் நான்காம் நிலை. விதிநூலில் உள்ள ராட்சத மலைப்பாம்பின் எண்களை இரண்டால் பெருக்கினால் போதுமா? (கோவை வாசகர்)

ப: போதாது. பெருக்கினால் 60 ஹெச்பி 120 ஆகும், சண்டை இரண்டு மடங்கு இழுக்கும். மேசையில் இருப்பது அதே பழைய பாம்புதான்.

முதலில் விலங்கைப் பாருங்கள். கச்சில் உள்ள பனந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்தவை 27 முள்ளெலும்புகள். ரூர்க்கி ஐஐடி ஆய்வாளர்கள் 2024-இல் ‘வாசுகி இண்டிகஸ்’ என்று பெயரிட்டார்கள். வயது சுமார் 4 கோடியே 70 லட்சம் ஆண்டுகள். நீளம் 10.9 மீட்டரிலிருந்து 15.2 மீட்டர் வரை இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. எலும்புகள் அகலமானவை. அதனால் உடம்பு தடித்தது, உருண்டது. துரத்திப் பிடிக்கிற பாம்பல்ல, சதுப்பில் பதுங்கிக் கிடந்து பிடிக்கிற பாம்பு என்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது இந்தக் கடைசி வரிதான்: மெதுவானது, பதுங்குவது, இறுக்குவது. மூன்றுக்கும் ஒவ்வொரு விதி எழுதினால் வாசுகி வந்துவிடும்.

எண்கள்: ஏசி 13. ஹெச்பி 142, பகடையில் 15டி12+45. வலிமை 21, சுறுசுறுப்பு 10, உடலுறுதி 16. தரையில் வேகம் 20 அடி, நீரில் 40 அடி. ஒளிதலுக்கு +6. கடி: +8, எட்டும் தூரம் 2 கட்டம், 2டி8+5 சேதம். கடி பட்டவர் பிடிபட்டு, கட்டுண்டவராகவும் ஆகிறார். விடுபட டிசி 16. தன் முறையில் ஏற்கெனவே பிடியில் இருப்பவரை இறுக்கலாம், சேதம் 3டி8+5, பகடை உருட்டித் தாக்கத் தேவையில்லை. அதே முறையில் வேறொருவரைக் கடிக்கவும் செய்யலாம். ஆனால் சுருளில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். இரண்டாமவருக்குக் கடி மட்டும், பிடி கிடையாது.

இனி சிஆர். முதல் சுற்றில் கடி மட்டும், சராசரி 14. அடுத்த இரண்டு சுற்றில் 14-உம் 18-உம் சேர்ந்து 32. மூன்று சுற்றின் சராசரி 26. அது விதிநூல் அட்டவணையில் சிஆர் 3. தாக்குதல் எண் எதிர்பார்ப்பைவிட 4 கூடுதல் என்பதால் இரண்டு படி ஏறி 5. தற்காப்பில் 142 ஹெச்பி சிஆர் 5-க்கு உரியது, ஏசி இரண்டு குறைவு, அதனால் 4. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நாலரை. 5 என்று எழுதிக்கொள்ளுங்கள். 1,800 எக்ஸ்பி. விதிநூல் கணக்கில் நான்காம் நிலையில் நான்கு பேருக்குக் ‘கடினம்’ என்ற தரம் 1,500-இல் தொடங்கும், ‘உயிர்ப்பலி’ 2,000-இல். நடுவில் உட்கார்கிறது.

இறுக்கும் விதியில் ஒரு சங்கதி. மலைப்பாம்பு மூச்சை நிறுத்திக் கொல்கிறது என்பது பழைய நம்பிக்கை. போவா பாம்புகளிடம் அளந்து பார்த்ததில், இறுக்கிய சில விநாடிகளில் இரையின் ரத்த ஓட்டம்தான் முதலில் நிற்கிறது. எனவே மூச்சுத்திணறல் விதியைத் தேடிப் போகாதீர்கள். பிடிபட்டவருக்கு ஒரு கெடு வையுங்கள்: தொடர்ந்து மூன்றாவது முறை இறுக்கும்போது உடலுறுதி சேவ், டிசி 14. தோற்றால் பிடி விடும்வரை நினைவில்லை. பிடிபட்டவரின் மினி (ஆட்டப் பொம்மை) பக்கத்தில் ஒரு டி6-ஐ வைத்து 1, 2, 3 என்று திருப்பிக்கொண்டே போங்கள். மேசையில் இருப்பவர்கள் அந்தப் பகடையைப் பார்க்கும் பார்வையே தனி.

உயிரோடு விழுங்கும் விதி வேண்டாம். இறுக்குகிற பாம்பு இரை அடங்கிய பிறகுதான் விழுங்கும், அதற்கு நேரமும் எடுக்கும். சண்டைக்கு நடுவில் விழுங்கினால் அது தவளை. அதற்குப் பதில் நீருக்குள் இழுக்கட்டும். பிடித்தவரோடு நகரும்போது வேகம் பாதி, ஆக நீரில் 4 கட்டம்.

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம், 15 மீட்டர் பாம்பை 3-க்கு 3 கட்டமாக வைப்பது. 25 செ.மீ. நீளத்துக்குத் தடித்த கயிறு ஒன்றை வெட்டுங்கள். ஓர் அங்குலக் கட்டத்தாளில் அது ஏறத்தாழ 10 கட்டம். தலைப்பக்கம் ஒரு முடிச்சு. கயிறு கிடக்கும் கட்டமெல்லாம் கடினத் தரை, அதன் பின்னால் நிற்பவருக்கு அரை மறைப்பு. உடம்பில் எங்கு வெட்டினாலும் வெட்டுதான்; தலையைத் தேடி ஓட வேண்டியதில்லை. நகரும்போது முடிச்சை இழுங்கள், மற்றது தானாகப் பின்னால் வரும். கயிறு ஒருவரைச் சுற்றி வளைத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் நீங்கள் வர்ணிக்க வேண்டியது பாதியாகக் குறையும்.

மந்திரவாதி, நொடியில் இடம் மாறும் மிஸ்டி ஸ்டெப் மந்திரம் போட்டு நழுவிவிடுவார். நழுவட்டும். அதற்குத்தான் அவர் அந்த மந்திரத்தைச் சேர்த்து வைத்திருந்தார், அதைத் தடுக்க விதி போடுவது அற்பத்தனம். இன்னொன்று, ஹெச்பி 70-க்குக் கீழே போனால் பாம்பு பிடியை விட்டுவிட்டு நீருக்குள் போய்விடும். பசிக்கு வந்த விலங்கு சாகும்வரை ஏன் சண்டை போட வேண்டும்? அது திரும்ப வருமா என்ற பயம் அடுத்த இரண்டு அமர்வுக்கு உதவும்.

கே: க்வெட்சால்கோட்லஸ் மாதிரி பறக்கும் ஊர்வனவற்றை இறக்கினால், வில் வைத்திருப்பவர் மட்டும் ஆடுகிறார். வாள்காரர்கள் போனை எடுத்துவிடுகிறார்கள். (சென்னை வாசகி)

ப: இதற்கு விடை விலங்கிடமே இருக்கிறது. அது வானிலிருந்து பாய்கிற கழுகு அல்ல. 1971-இல் டெக்சஸில் எலும்பு கிடைத்தது, 1975-இல் பெயர் வைத்தார்கள். சிறகு விரிப்பு 10 மீட்டரை ஒட்டி. நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். நாலு காலில் நடந்து, நீண்ட அலகால் தரையில் இருப்பதைக் கொத்திப் பொறுக்கியது என்றுதான் இன்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். கொக்கு வயலில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொக்குக்கு நீங்கள் தவளை.

ஆகவே சண்டையைத் தரையில் வையுங்கள். ஏசி 13, ஹெச்பி 85, நடை 40 அடி, பறத்தல் 80 அடி. அலகு +6, எட்டு தூரம் 2 கட்டம், 3டி8+4. சிஆர் 2. இதோடு மூன்று விதி.

காலால் தூக்காது. பாதம் பிடிக்கிற பாதமே அல்ல. படம் வரைகிறவர்கள் ஆளைக் காலில் தொங்கவிட்டு வரைந்து வரைந்து இந்தத் தப்பு ஊறிப்போயிற்று. தூக்குவதென்றால் அலகால்தான், அதுவும் சிறிய அளவு ஆட்களை மட்டும். அதன் எடையே 200, 250 கிலோதான் இருக்கும் என்கிறார்கள்; கவசம் பூட்டிய வீரரைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. ஆட்டத்தின் குள்ள இனமான ஹாஃப்லிங் 18 கிலோ, அவரைத் தூக்கலாம். சேவ் டிசி 14. தூக்கிப் பறந்தால் வேகம் பாதி.

கிளம்ப இடம் வேண்டும். சிறகை விரிக்க 7 கட்ட அகலம் வெட்டவெளி இல்லாவிட்டால் பறக்க முடியாது. குழுவினர் மரங்களுக்கு நடுவே இழுத்துப் போனால் அது மாட்டிக்கொண்டது. இந்த ஒரு விதியால் வாள்காரர்களுக்கு யோசிக்க வேலை வரும்.

முன்கால்தான் சிறகு. நாலு காலையும் ஊன்றித்தான் அது எம்பிக் கிளம்பும், பெரும்பங்கு முன்காலின் வேலை. ஒரே அடியில் 20-க்கு மேல் சேதம் பட்டால் அதன் அடுத்த முறையில் கிளம்ப முடியாது.

ஓர் எச்சரிக்கை. தூக்கிய ஹாஃப்லிங்கை 60 அடி உயரத்தில் விட்டால் 6டி6, சராசரி 21. மூன்றாம் நிலை மந்திரவாதிக்கு அது போதும். கீழ்நிலை ஆட்டத்தில் 20 அடிக்கு மேல் தூக்க விடாதீர்கள்.

கே: வெலாசிராப்டருக்கு இறகு உண்டு என்று சொன்னதும் மேசையில் எல்லோரும் ‘கோழி, கோழி’ என்று சிரிக்கிறார்கள். (ஈரோடு வாசகர்)

ப: கோழி என்பதில் பாதி உண்மை. வெலாசிராப்டர் வான்கோழியைவிடக் கொஞ்சம் பெரிது, 15 முதல் 20 கிலோ. முன்கை எலும்பில் இறகு ஊன்றிய முடிச்சுகளை 2007-இலேயே காட்டிவிட்டார்கள். இன்னும் பெரியது வேண்டுமென்றால் டெய்னோனிகஸுக்கோ யூட்டாராப்டருக்கோ போங்கள். டெய்னோனிகஸ் மூன்று மீட்டருக்கு மேல் நீளம். யூட்டாராப்டர் அதையும் சின்னதாக்கிவிடும்.

ஆனால் சிரிப்பை நிறுத்துவது அளவல்ல, வேலை. அந்த அரிவாள் நகம் வயிற்றைக் கிழிக்க அல்ல, இரையைத் தரையோடு அமுக்கிப் பிடிக்க என்று 2011-இல் ஒரு கருத்து வந்தது. பருந்து எலியை மிதித்து நிற்பதுபோல். இறகுள்ள கைகளை அடித்துக்கொண்டு மேலே நிலையாக நின்று, இரை உயிரோடிருக்கும்போதே தின்னும். இதை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், கோழி மறந்துபோகும்.

எண்ணுக்கு மெனக்கெட வேண்டாம். விதிநூல் ஓநாயை எடுங்கள்: ஏசி 13, ஹெச்பி 11, +4, 2டி4+2, டிசி 11-இல் தள்ளிவிடும், கூட்டாளி அருகில் இருந்தால் சாதகம் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது). கடியை நகமாக்குங்கள். கூடுதலாக ஒரே ஒரு வரி: விழுந்தவர் மேல் ராப்டர் நின்றால், எழுவதற்கு முன் வலிமைச் சோதனை டிசி 11. கூட்டமாக வேட்டையாடியதற்கு உறுதியான எலும்புச் சான்று இல்லை. ஆட்டத்துக்காக வைத்துக்கொள்கிறோம் என்று தெரிந்தே வையுங்கள்.

எட்டு ராப்டர் என்றால் 8 × 50 = 400, கூட்டத்துக்காக இரண்டரை மடங்கு, 1,000 எக்ஸ்பி. மூன்றாம் நிலையில் நான்கு பேருக்குக் கடினம் 900-இல் தொடங்குகிறது, ஆக இது சரியான அளவு. தவறு நடப்பது வேகத்தில். எட்டுக்கும் தனித்தனியாக உருட்டினால் ஒரு சுற்றுக்கு டீ குடித்துவிட்டு வரலாம். நாலு நாலாக இரண்டு இனிஷியேட்டிவ் (யார் முறை எப்போது என்ற வரிசை எண்) போதும். ஒரே ஆளை மொய்த்தால் விதிநூலின் கும்பல் தாக்குதல் அட்டவணைக்குப் போங்கள்: +4 உள்ளது ஏசி 18-ஐத் தொட 14 விழ வேண்டும், 14 என்றால் மூன்று பேருக்கு ஓர் அடி. ஆறு ராப்டர் மொய்த்தால் இரண்டு அடி, உருட்டலே இல்லை. மூன்று செத்ததும் மிச்சம் ஓடிவிடும்.

கே: வாள்பல் புலியின் கடி அதன் நகத்தைவிடப் பலவீனமாக இருக்கிறதே, அச்சுப்பிழையா? (திண்டுக்கல் வாசகர்)

ப: பிழையில்லை, அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். நகத்தின் சராசரி 12, கடியின் சராசரி 10. பெயரிலேயே வாள்பல் வைத்துக்கொண்டு பல்லுக்கு மதிப்பில்லாத விலங்கு. திருத்துவோம்.

ஸ்மைலோடன் புலியே அல்ல, பூனைக் குடும்பத்தில் தனிக் கிளை. தென்னமெரிக்கப் பெரிய இனத்துக்குக் கோரைப்பல் 28 செ.மீ. வரை, உடம்பு 400 கிலோவைத் தொடும். முன்னங்கால்கள் கரடிபோலத் தடித்தவை, வால் குட்டை. காரணம் உண்டு. அந்த நீளப் பல் பக்கவாட்டு அழுத்தத்துக்கு முறியும். துள்ளுகிற இரையைக் கடித்தால் போச்சு. ஆகவே முதலில் முன்காலால் அசையாமல் அமுக்கி, பிறகே தொண்டையில் இறக்க வேண்டும்.

விதியும் அந்த வரிசையிலேயே. இரண்டு முன்பாத அடி, ஒவ்வொன்றும் +6, 1டி8+4. இரண்டும் ஒரே ஆள்மேல் பட்டால் அவர் விழுந்து பிடிபடுகிறார், விடுபட டிசி 14. கடி பிடிபட்டவர்மேல் மட்டும், அடுத்த முறையில்: +6, 4டி8+4. முதல் சுற்றில் 17, பிறகு 22, 22, சராசரி 20. ஏசி 12, ஹெச்பி 52 அப்படியே இருந்தால் சிஆர் 2-ஐ விட்டு நகராது.

பல்லுக்கான விலை இது: கடி உருட்டலில் 1 விழுந்தாலோ, கடிபட்டவர் அடுத்த முறையில் திமிறி விடுபட்டாலோ ஒரு பல் முறிகிறது. பிறகு கடி 2டி8+4 மட்டும். முறிந்த பல் மேசையில் விழட்டும், குழுவில் யாராவது அதைக் கத்தியாக்கிக்கொள்வார்கள். நடுவில் ஒரு சுற்று இடைவெளி கிடைப்பதுதான் இதன் அழகு. தோழனைக் காப்பாற்ற மற்றவர்களுக்குச் சரியாக ஒரு முறை இருக்கிறது. அந்த முறையை யாரும் மந்திரப் புத்தகம் புரட்டி வீணாக்கமாட்டார்கள்.

கே: டி. ரெக்ஸ் இரண்டே சுற்றில் செத்துவிட்டது. ஆறு பேர், ஆறாம் நிலை. சிஆர் 8 என்று பார்த்துத்தானே வைத்தேன்? (திருச்சி வாசகர்)

ப: ஆறு பேர் என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. சிஆர் 8 என்றால் 3,900 எக்ஸ்பி. குழுவில் ஆறு பேர் இருந்தால், தனி மிருகத்துக்குப் பெருக்கல் எண் அரை என்பது விதிநூல் வழிகாட்டல். 1,950. ஆறாம் நிலையில் ஆறு பேருக்கு ‘எளிது’ 1,800-இல் தொடங்குகிறது. எளிதான சண்டையை வைத்தீர்கள், எளிதாக முடிந்தது.

ஹெச்பியை ஏற்றுவதில் பலனில்லை. 136-ஐ 200 ஆக்கினால் மூன்றாம் சுற்றில் சாகும். குறை, நீங்கள் ஒரு முறை ஆடுவதற்குள் அவர்கள் ஆறு முறை ஆடுவது. கடியையும் வாலையும் பிரியுங்கள்: கடி அதன் சொந்த இனிஷியேட்டிவில், வால் 10 எண் தள்ளி. சேதம் கூடவில்லை, ஆனால் விலங்கு எப்போதும் அசைந்துகொண்டிருக்கும். அதோடு இரண்டு இளசுகளைச் சேர்த்துவிடுங்கள். டி. ரெக்ஸ் குட்டிகள் ஒல்லியும் வேகமுமானவை. வாள்பல் புலியின் எண்ணையே வேடம் மாற்றிப் போடலாம். 3,900 + 900 = 4,800, ஆறு பேருக்கு மூன்று மிருகம் என்பதால் ஒன்றரை மடங்கு, 7,200. கடினம் 5,400, உயிர்ப்பலி 8,400. இப்போது வேர்க்கும்.

அசையாமல் நின்றால் அதற்குக் கண் தெரியாது என்று யாராவது சொன்னால், முன்னோக்கிய இரண்டு கண்ணும் அபார மோப்பமும் உள்ள விலங்கு அது என்று சொல்லிவிட்டுக் கடி உருட்டுங்கள்.

கே: டைனோசர் எலும்புக்கூடு எழுந்து வருவதாக வைக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கமே டைனோசர் கிடைத்திருக்கிறதாமே? (அரியலூர் வாசகர்)

ப: கிடைத்திருக்கிறது. கல்லமேட்டில் கிடைத்ததற்கு ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள், ‘பேருடல் பல்லி’. முதலில் ஊனுண்ணி என்று எழுதி, பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. கீழ்க்கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர். சோகம் என்னவென்றால் அந்த எலும்புகள் இன்று இல்லை, பொடிந்துபோய்விட்டன. ஆட்டத்துக்கு இதைவிட நல்ல துவக்கம் கிடைக்காது: மழைக்கு முன் தோண்டி எடுக்காவிட்டால் கரைந்துவிடும் பூதம்.

உங்கள் கேள்விக்கு வருவோம். புதைபடிவம் எலும்பல்ல, பெரும்பகுதி கல். எலும்பிருந்த இடத்தில் தாதுக்கள் ஏறி இறுகியது. அப்படியானால் எழுந்து வருவது பிணவகை அல்ல, மந்திரத்தால் இயங்கும் கற்சிலை (கோலெம்) போன்ற படைப்பு வகை. பூசாரி நடமாடும் பிணங்களைத் துரத்தும் சக்தியைக் காட்டுவார், அது நின்று பார்க்கும். அந்த முகத்தைக் காணக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பதிலுக்கு ஒரு கதவைத் திறந்து வையுங்கள்: பேரொலியால் நொறுக்கும் ஷாட்டர் மந்திரத்துக்கு, கல்லால் ஆன உயிர்கள் பாதகத்தோடு (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுத்து) சேவ் எடுக்க வேண்டும் என்று அந்த மந்திரத்திலேயே எழுதியிருக்கிறது. பூசாரியிடம் பறித்ததை மந்திரவாதிக்குக் கொடுத்தாயிற்று. குறிப்பு இல்லாமல் வைத்தால் ஏமாற்றியதாகக் கோபிப்பார்கள். முதல் அடி பட்டதும் எலும்புச் சத்தம் இல்லை, சம்மட்டி பாறையில் பட்ட சத்தம் என்று சொல்லுங்கள்.

கே: கடலடிச் சண்டைக்கு ஒரு மீன் சொல்லுங்கள், சுறா அலுத்துவிட்டது. (தூத்துக்குடி வாசகர்)

ப: டங்க்லியோஸ்டியஸ். பல் கிடையாது, ஒன்றோடொன்று உரசித் தானே தீட்டிக்கொள்ளும் எலும்புத் தகடுகள். தலையும் தோளும் கவசம், பின்னுடல் வெறும் தசை. 8, 10 மீட்டர் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். 2023-இல் வந்த ஒரு மறுகணக்கு ஏறத்தாழ 4 மீட்டருக்குள் அடக்கிவிட்டது. ஆட்டத்துக்கு நல்லதுதான், 2-க்கு 2 கட்டத்தில் அடங்கும்.

வேட்டைச் சுறாவின் எண்ணை எடுங்கள், ஹெச்பி 45. ஏசியை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள்: முன்னாலிருந்து 17, பின்னாலிருந்து 12. மினியின் அடித்தட்டில் அம்புக்குறி வரைந்தால் எது முன், எது பின் என்ற வாக்குவாதம் வராது. அந்த மீன் வாயை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் திறந்து, நீரோடு இரையை உள்ளே உறிஞ்சியது. அதனால் கடிக்கு முன் எதிரே 2 கட்டத்துக்குள் இருப்பவர் டிசி 13 வலிமை சேவ், தோற்றால் வாயருகே. யாரும் பின்னால் போய் நிற்க முடியாமல் அது திரும்பிக்கொண்டே இருக்கும், ஆகவே ஒருவர் முன்னால் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். நீருக்கடியில் ஈட்டி, குத்துவாள், சிறுவாள், திரிசூலம் வகையறாவுக்குத்தான் பாதகமில்லை என்பதைக் கடலில் இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பெரிய கோடரியோடு குதித்தவர் மாதக்கணக்கில் புலம்புவார்.

கே: இப்படிச் செய்த விலங்குகளைத் தொகுத்துத் தமிழில் வெளியிட்டால் சட்டச் சிக்கல் வருமா? (சேலம் வாசகர்)

ப: விலங்குக்கு யாரும் உரிமை கோர முடியாது. விதிகளில், எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படைத் தொகுப்பை ஆட்டத்தின் வெளியீட்டாளர்கள் 2023 ஜனவரியில், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். உரிய நன்றிக் குறிப்பைப் போட்டு விற்கவும் செய்யலாம். டி. ரெக்ஸ், ட்ரைசெராடாப்ஸ், ப்ளீசியோசாரஸ், மாமத், வாள்பல் புலி எல்லாம் அதில் உண்டு. அதற்கு வெளியே உள்ள புத்தகங்களின் எண்ணை அள்ளாதீர்கள். பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது படத்தில். விலங்கு அழிந்து கோடி ஆண்டு ஆகியிருக்கலாம், அதை வரைந்தவர் உயிரோடிருக்கிறார். தேடுபொறியில் கிடைத்த ஓவியத்தை அட்டையில் போடாதீர்கள்.

கே: மினி வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கடைத்தெருப் பிளாஸ்டிக் டைனோசர் ஓடுமா? (மதுரை வாசகி)

ப: தாராளமாக. ஆட்ட மினிகள் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு அளவு. 12 மீட்டர் டி. ரெக்ஸ் 20 செ.மீ. வரும், கடைப் பொம்மை பலதும் அந்த அளவில்தான் இருக்கிறது. டெய்னோனிகஸ் 5, 6 செ.மீ.; அதற்குப் பாக்கெட்டில் டஜனாக வருகிற சின்னவை. அடித்தட்டைத் தடித்த அட்டையில் வெட்டுங்கள்: பெரியதற்கு 5 செ.மீ., ராட்சதத்துக்கு ஏழரை. வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இருக்கட்டும்.

வண்ணம் பூசும் முன் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து ஒரு நாள் காயவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் தோல் உரிவதுபோல உரியும். ஸ்ப்ரே பிரைமர் வேண்டாம், வளையும் வகைப் பிளாஸ்டிக்கில் காயாமல் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். அக்ரிலிக் பிரைமரை மெல்லிசாக இரண்டு கை, பிரஷால். வாய்க்குள் சிவப்பை அப்பாமல், நீர் கலந்த பழுப்பை ஓடவிட்டுத் துடைத்தாலே பல் எடுத்துக் காட்டும்.

பொம்மை தப்பான உருவத்தில் இருக்கிறதே என்று வருந்தவும் வேண்டாம். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் மேசையில் 1970-களில் இருந்தவை ஹாங்காங் மலிவுப் பிளாஸ்டிக் பொம்மைகள், ‘வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்’ என்று பையில் போட்டு விற்றவை. எந்த விலங்கு என்று யாருக்கும் சொல்ல முடியாத உருவங்கள். ஆட்டத்தின் பிரபல மிருகங்களான ரஸ்ட் மான்ஸ்டர், புலெட், ஆவுல்பேர் மூன்றும் அந்தப் பையிலிருந்து வந்தவைதான்.